ஆடியில் விலை பேசி, கார்த்திகையில் வீடு பார்த்து…

2018-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாவலூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் விற்பனை அலுவலகம். மாதிரி வீட்டைச் சுற்றிக் காட்டிய இளைஞரிடம், சதுர அடிக்கு எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டேன். "ரேட்ல கை வைக்க முடியாது சார்" என்றார். நான் எழுந்ததும் கார் பார்க்கிங் இலவசமானது. செருப்பை மாட்டியதும் மாடுலர் கிச்சன் சேர்ந்துகொண்டது. லிஃப்ட் வருவதற்குள் பத்திரச் செலவும் அவர்களுடையதாகிவிட்டது. பலகையில் இருந்த விலை மட்டும் அசையவே இல்லை.

நம் ஊரில் வீட்டு விலை இப்படித்தான் இறங்கும். தக்காளி விலைபோலச் சத்தம் போட்டு விழாது. அதனால்தான் 'இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்' என்று காத்திருப்பவர்களுக்கு, இறங்கியது தெரியாமலே போய்விடுகிறது.

பலகை சொல்லாத இறக்கம்

பழைய மகாபலிபுரம் சாலையையே எடுத்துக்கொள்வோம். ஐ.டி. அலுவலகங்களை நம்பி எழும்பிய அடுக்குமாடிகள், 2013-ஐ ஒட்டித் தேங்கத் தொடங்கின. 2015 டிசம்பர் வெள்ளம், 2016 நவம்பர் பணமதிப்பிழப்பு, 2017-ல் ரெரா எனும் வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டமும் ஜி.எஸ்.டி.யும், 2018-ல் ஐ.எல்.அண்ட்.எஃப்.எஸ். நிதி நிறுவனம் தடுமாறியபோது கட்டுநர்களுக்கு வந்த பணமுடை, 2020 ஊரடங்கு என அடிமேல் அடி விழுந்தது. ஆனாலும் பல இடங்களில் சொன்ன விலை சொன்ன விலையாகவே நின்றது.

நின்ற விலையும் இறங்கிய விலைதான். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், ஆறு ஆண்டுகள் நகராத வீட்டு விலையில் நான்கில் ஒரு பங்கு கரைந்துவிட்டது என்று பொருள்.

வட்டிக் கணக்கு இன்னும் சுவாரசியமானது. 2014-ல் வீட்டுக்கடன் வட்டி 10 சதவீதத்தை ஒட்டி இருந்தது. 50 லட்சம் ரூபாயை 20 ஆண்டுகளில் கட்டினால் மாதத் தவணை சுமார் 48,250 ரூபாய். 2020 மே மாதம் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4 சதவீதமாக்கிய பிறகு, வீட்டுக்கடன் வட்டி 7 சதவீதத்துக்கு வந்தது. அதே கடனுக்குத் தவணை சுமார் 38,765 ரூபாய். விலையில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல், வாங்குபவருக்கு வீடு ஐந்தில் ஒரு பங்கு மலிவாகிவிட்டது.

இறங்கியதுபோலத் தெரிந்து இறங்காத கதையும் உண்டு. 2017 ஜூனில் தமிழக அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தபோது, வீட்டு விலையே குறைந்துவிட்டதாகப் பலர் நினைத்தார்கள். கூடவே பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமானது. முன்பு 100 ரூபாய் மதிப்புக்கு முத்திரைத்தாளும் பதிவும் சேர்த்து 8 ரூபாய். பிறகு 67 ரூபாய்க்கு 11 சதவீதம், அதாவது 7 ரூபாய் 37 காசு. மிச்சம் 63 காசு!

வாடகை தண்டமா?

'வாடகை கொடுப்பது தண்டம்' என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. நாவலூர் வீட்டின் விலை 60 லட்சம். அந்த விலைக்கு வங்கி 80 சதவீதம், அதாவது 48 லட்சம்வரை தரலாம். அன்றைய 8.5 சதவீதத்தில், வட்டி மட்டுமே முதல் மாதம் 34,000 ரூபாய். அதே வளாகத்தில் அதே அளவு வீட்டின் வாடகை 15,000. விலை நகராத காலத்தில் எது தண்டம்?

ஆகவே வாங்கும் நேரத்தை அறிய, விலைப் பலகையைவிட வட்டிக்கும் வாடகைக்கும் உள்ள இந்த இடைவெளியைக் கவனிப்பது நல்லது. 2018-ல் 19,000 ரூபாயாக இருந்த இடைவெளி, வட்டி 7 சதவீதமாகி வாடகையும் 18,000-க்கு ஏறியபோது 10,000 ஆனது. காத்திருப்பதன் லாபம் பாதியானபோதுதான் நான் மறுபடி வீடு தேடக் கிளம்பினேன்.

அடிமட்ட விலையைப் பிடிப்பேன் என்று கிளம்புபவர்கள் ஹாங்காங்கை நினைத்துக்கொள்ள வேண்டும். 1997-ல் உச்சம் தொட்ட வீட்டு விலை, 2003-க்குள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு விழுந்தது. 1998-ன் கடைசியில் 'பாதி விலை' என்று பாய்ந்து வாங்கியவர்களும் மேலும் இழந்தார்கள். 2003-ல் கடன் பாக்கி வீட்டின் மதிப்பைத் தாண்டிய வீடுகள் ஒரு லட்சத்துக்கும் மேல். உண்மையான அடிமட்டம் வந்தபோது ஊரே சார்ஸ் பயத்தில் முகமூடி அணிந்திருந்தது. வீடு பார்க்கப் போகும் மனநிலை யாருக்கு இருந்திருக்கும்?

விலை விழுந்தால் முதலில் கரைவது நாம் கையிலிருந்து போட்ட பணம்தான். 60 லட்சம் வீடு 20 சதவீதம் இறங்கினால், நம் 12 லட்சமும் கணக்கில் காணாமல்போகும். விற்க வேண்டிய கட்டாயம் வராதவரை அது வெறும் கணக்குதான். அதனால் ஏழெட்டு ஆண்டுகளாவது அதே வீட்டில் இருப்போம் என்ற உறுதியும், ஆறு மாதத் தவணை கையிருப்பும் இல்லாமல் வாங்கக் கூடாது. கட்டிக்கொண்டிருக்கும் வீடென்றால் கூடுதல் யோசனை வேண்டும். விற்பனை படுத்தால் கட்டுமானமும் படுக்கும். அப்போது வாடகையும் வட்டியும் சேர்ந்து கழுத்தைப் பிடிக்கும். முடிந்த வீடு, நிறைவுச் சான்றோடு இருந்தால், அதற்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது.

அவசரப்படுத்தாத விற்பனையாளர்

2020 ஆடியில் ஃபோனிலேயே இரண்டு வீடுகளுக்கு விலை பேசினேன். ஜவுளிக்கு ஆடித் தள்ளுபடி தேடும் நாம், ஆடியில் வீட்டுப் பேச்சை எடுப்பதில்லை. வாங்க ஆளில்லாத மாதம் என்பதால் புரோக்கர் குரலிலேயே ஒரு பணிவு இருந்தது. தாய்ப்பத்திர நகல் கேட்டேன், வந்தது. முப்பது ஆண்டு வில்லங்கம் போட்டுப் பார்க்க நாள் கேட்டேன், கிடைத்தது. பட்டா, பிரிபடாத நிலப்பங்கு, கட்டட அனுமதி எல்லாவற்றையும் வழக்கறிஞர் நிதானமாகப் பார்த்தார். விலை ஏறும் காலமாக இருந்தால், 'இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்கு சார்' என்ற ஒரே வரியில் ஆவணியிலேயே அட்வான்ஸ் கைமாறியிருக்கும்.

கார்த்திகையில் நிவர் புயல் வந்தது. மழை விட்ட மறுநாள், அந்த இரண்டில் முதல் வீட்டுக்குப் போனேன். வெயில் நாளில் பளிச்சென்றிருக்கும் கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். பைக்குகளைச் சாய்வுத்தளத்தில் ஏற்றிக்கொண்டிருந்த வாட்ச்மேனிடம் விசாரித்தேன்.

"வருஷா வருஷம் இப்படித்தான் சார். பார்க்க வர்றவங்க எல்லாரும் சித்திரை, வைகாசியில வர்றாங்க. அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

இரண்டாவது வீடு சதுர அடிக்கு 200 ரூபாய் அதிகம். வாசலில் கோலம் அழியாமல் இருந்தது. தையில் பதிவு செய்தோம்.