கணினியின் பதிவேடு

ரிஷிவந்தியம் வட்டாரத்தில் நிலம் வாங்கும் ஒருவர், கிரயப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வார். நிலம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஏட்டில்தான் எழுத்து ஏறும். பின்னர் ஒருவர் வில்லங்கச் சான்று கேட்பாராயின், அவ்வேட்டைப் பார்த்தே விடை தருவர். கணினிக்குள்ளும் இத்தகைய ஏடு ஒன்று உண்டு.

2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு, மேல்நிலைப் பள்ளி மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அவற்றில் விண்டோஸ் இயங்குதளமும் இருந்தது. தமிழில் எழுத விரும்பிய மாணவன் ஒருவன், 1999-இல் அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகைக்கான மென்பொருட்கூறு ஒன்றைத் தன் கணினியில் சேர்த்தான் எனக் கொள்வோம். எழுதும் செயலியும் இணைய உலாவியும் அந்த ஒரே கூற்றின் உதவியை நாடும். அது எக்கோப்பில் உள்ளது என்பதை அவை எங்ஙனம் அறியும்? விண்டோஸின் பதிவேட்டைப் பார்த்தே அறியும். ஒவ்வொரு கூற்றுக்கும் 128 பிட் நீளமுள்ள தனி எண் உண்டு. அவ்வெண்ணின்கீழ்க் கோப்பின் இருப்பிடம் எழுதப்பட்டிருக்கும்.

இப்பதிவைச் செய்விக்கும் கட்டளைக்கு ரெக்எஸ்விஆர்32 என்பது பெயர். வாயில் நுழையாத பெயர்தான். அது தானாக ஏட்டில் எதனையும் எழுதுவதில்லை; கோப்பினுள் அடங்கிய பதிவு நிரலைத் தட்டி எழுப்புவதோடு அதன் பணி முடிகிறது. எழுதுவது அந்த நிரலே. பத்திரம் கொண்டு வந்தவர் கையிலேயே பதிவாளர் பேனாவைக் கொடுப்பது போன்றது இது! ஆதலால் முன்பின் அறியாதவர் தந்த கோப்பைப் பதிவு செய்தல், அவர் எழுதிய நிரலை நிர்வாகியின் அதிகாரத்தோடு ஓடவிடுதலேயாகும். தீய நிரல் எழுதுவோர் இவ்வழியைப் பலமுறை பயன்படுத்தியுள்ளனர்.

பதிவை நீக்குவதற்கு, அதே கட்டளையுடன் ஒரு சாய்கோடும் 'யு' என்னும் ஆங்கில எழுத்தும் சேர்த்தல் வேண்டும். ஏட்டின் வரிகள் அழியும், கோப்பு அழியாது. கோப்பை நீக்குவது அதன் பின்னரே செய்யத்தக்கது. பலர் இவ்வரிசையை மாற்றி, முதலில் கோப்பை அழித்துவிடுவர். நிலம் ஆற்றோடு போனபின் பத்திரம் மட்டும் பெட்டியில் கிடப்பது போல, ஏட்டில் வெற்று முகவரி எஞ்சி நிற்கும். அம்முகவரியை நாடிச் சென்ற செயலி, கூற்றைக் காணாது பிழைச்செய்தி தரும். அந்நிலையில் நீக்கும் கட்டளையும் பயன்படாது. நீக்குவதற்குரிய நிரல் அழிந்த கோப்பினுள்ளேயே இருந்ததன்றோ? அக்கோப்பை மீண்டும் பழைய இடத்தில் வைத்து, பதிவை முறையாக நீக்கி, அதன் பின்னரே அதனை அழித்தல் வேண்டும்.