கைக்கெட்டும் தூரத்தில் கடல் மட்டம்

1875 ஏப்ரல் 15. பகல் பதினொன்றரை மணியளவில் பாரிஸின் லா வில்லெத் பகுதியிலிருந்து 'ஸெனித்' என்ற பலூன் கிளம்பியது. கூடையில் மூன்று பேர்: கஸ்தோன் திஸ்ஸாந்தியே, குரோசே ஸ்பினெல்லி, சிவெல். தலைக்கு மேலே, ஆக்சிஜன் மிகுந்த காற்றை நிரப்பிய சிறு பைகள் தொங்கின. மாலையில் சிரோன் என்ற ஊரருகே பலூன் தரைதட்டியபோது திஸ்ஸாந்தியே மட்டும்தான் உயிரோடு இருந்தார்.

உயரே போகப் போகக் காற்றில் ஆக்சிஜன் குறையும் என்று சொல்லிப் பழகிவிட்டோம். விகிதத்தில் எதுவும் குறைவதில்லை. மெரினா கடற்கரையானாலும் எவரெஸ்ட் உச்சியானாலும் உலர்ந்த காற்றில் நூற்றுக்கு 21 பங்கு ஆக்சிஜன்தான். ஆனால் உடம்புக்கு விகிதம் தெரியாது. ஆக்சிஜன் மட்டும் தனியாகத் தரும் அழுத்தம் எவ்வளவு என்பதைப் பொறுத்தே அது நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் போகிறது. அதைத்தான் பதினோராம் வகுப்பில் 'பகுதி அழுத்தம்' என்று படித்து, கணக்குப் போட்டு, மதிப்பெண் வாங்கி, மறந்தும் போகிறோம்.

இந்தக் கருத்தைத் தந்த ஜான் டால்டன் மான்செஸ்டரில் ஆசிரியர். 1787 முதல் சாகும்வரை வானிலைக் குறிப்பேடு எழுதியவர். காற்றில் நீராவி எப்படித் தங்குகிறது என்பதுதான் அவரை அரித்த கேள்வி. வெற்றிடமானாலும் காற்று நிரம்பிய இடமானாலும், வெப்பநிலை ஒன்றாக இருந்தால் தண்ணீரிலிருந்து எழும் நீராவி ஒரே அழுத்தத்தைத்தான் எட்டுகிறது என்று கண்டார். அதிலிருந்து 1801இல் விதி பிறந்தது: கலவையில் ஒவ்வொரு வாயுவும் தான் மட்டுமே அங்கே இருப்பதுபோல் அழுத்தம் தரும், எல்லாவற்றையும் கூட்டினால் மொத்த அழுத்தம்.

இது உயிரோடு எப்படிச் சம்பந்தப்படுகிறது என்று காட்டியவர் பிரெஞ்சு உடலியல் அறிஞர் பால் பெர்ட். சிட்டுக்குருவிகளை அடைத்து, ஒருமுறை காற்றழுத்தத்தைக் குறைத்தார். இன்னொருமுறை அழுத்தத்தை அப்படியே வைத்து ஆக்சிஜன் விகிதத்தைக் குறைத்தார். இரண்டிலும் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் ஏறத்தாழ ஒரே அளவுக்கு இறங்கியபோதுதான் குருவிகள் சாய்ந்தன. அழுத்தம் குறைந்தாலும் ஆக்சிஜனைக் கூட்டிக் கொடுத்தால் பிழைத்தன. ஸெனித் கொண்டுபோன பைகளுக்கு அடிப்படை இந்தச் சோதனைகள்தாம். எவ்வளவு ஆக்சிஜன் எடுத்துப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அது போதாது என்று பெர்ட் கடிதம் எழுதினார். கடிதம் வருவதற்குள் பலூன் கிளம்பிவிட்டது.

இருப்பதைச் சிக்கனமாகச் செலவழிக்க நினைத்தார்கள். ஏறத்தாழ 8,000 மீட்டரில் திஸ்ஸாந்தியேவுக்கு ஆக்சிஜன் பையின் குழாயை எடுக்கக் கை எழவில்லை. நாக்கும் அசையவில்லை. வலியோ பயமோ தெரியவில்லை, மனதுக்குள் ஒரு மகிழ்ச்சிதான் இருந்தது என்று பிறகு எழுதினார். ஆக்சிஜன் பஞ்சத்தின் கொடுமையே இதுதான்: ஆபத்தை உணர வேண்டிய மூளைதான் முதலில் மங்குகிறது.

அந்தப் பயணத்தில் பதிவான மிகக் குறைந்த காற்றழுத்தம் பாதரச அளவில் சுமார் 262 மி.மீ.; கடல் மட்டத்தில் 760. இங்கே டால்டனின் நீராவி மறுபடி குறுக்கிடுகிறது. உள்ளிழுக்கும் காற்று 37 டிகிரி உடல் சூட்டில் ஈரமாகும்போது நீராவி 47 மி.மீ. பிடித்துக்கொள்ளும், எந்த உயரமானாலும். விளைச்சல் குறைந்தாலும் குறையாத குத்தகை நெல் போல அது. மிச்சத்தில்தான் மற்ற வாயுக்களுக்கு வாரம். கடற்கரையில் 713 மிஞ்சும், அதில் ஆக்சிஜனின் பங்கு 149. பலூனில் மிஞ்சியது 215, ஆக்சிஜனுக்கு வெறும் 45. பைகளில் இருந்த கலவையில் 70 சதவீதம் ஆக்சிஜன் என்கிறார் திஸ்ஸாந்தியே. 215இல் 70 சதவீதம் 150. கடற்கரையில் மூச்சுவிடும் அளவு அப்படியே அவர்கள் தலைக்கு மேல் தொங்கியிருக்கிறது! இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது.

எவரெஸ்டில் இன்னும் மோசம். 1981இல் ஜான் வெஸ்ட் தலைமையிலான அமெரிக்க மருத்துவ ஆய்வுக் குழுவைச் சேர்ந்த கிறிஸ் பிஸ்ஸோ உச்சியிலேயே காற்றழுத்தத்தை அளந்தார்: 253 மி.மீ. உள்ளே போகும் ஆக்சிஜன் 43. அப்படியும் 1978இல் மலையேறிகள் மெஸ்னரும் ஹாபெலரும் சிலிண்டர் இல்லாமல் அங்கே நின்றிருக்கிறார்கள். வாரக்கணக்கில் உயரத்துக்குப் பழகிய உடம்பு அசுர வேகத்தில் மூச்சு வாங்கிக் கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளுகிறது. நுரையீரலின் காற்றறைகளில் வழக்கமாக 40 மி.மீ. இருக்கும் அது, பிஸ்ஸோவிடம் ஏழரைக்கு இறங்கியிருந்தது. அது விட்ட இடம் ஆக்சிஜனுக்குக் கிடைத்தது.

விமானத்தில் நேராக லே நகரில் போய் இறங்கும் நம்மூர்ப் பயணிகளுக்கும் கணக்கு இதேதான். 3,500 மீட்டரில் உள்ளே போகும் ஆக்சிஜன் ஏறக்குறைய 95 மி.மீ. மூச்சின் வேகம் கூடி உடம்பு ஈடுகட்டச் சில நாட்கள் பிடிக்கும். முதல் இரண்டு நாள் ஓய்வு என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது அதனால்தான். அங்கே தலைவலி முற்றி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். உயரம் குறைந்த இடத்துக்கு இறங்கவும் தயாராக வேண்டும்.