தீவுகளும் கடலும் – 11
காற்று ஆளும் கானரித் தீவுகள்

கானரித் தீவுகள் ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமானவை. ஆனால், அவை கிடப்பது ஆப்பிரிக்காவின் வாசலில். தீவுக்கூட்டத்தின் கிழக்கே உள்ள ஃபுவெர்த்தெவெந்துராவிலிருந்து மொராக்கோ கரைக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர்தான். சகாராப் பாலைவனம் இருக்கும் அதே அட்சரேகையில் இருந்தும் இந்தத் தீவுகள் கொதிப்பதில்லை. வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த கடல் நீரோட்டம் கரையைத் தழுவிச் செல்கிறது. அதனால் கோடை முடிவிலும் கடல்நீர் 22, 23 டிகிரியோடு நின்றுவிடுகிறது. குளிர்காலத்தில் 18, 19 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதுமில்லை. ஆண்டு முழுவதும் கடலில் இறங்கலாம் என்பதால்தான் ஐரோப்பியர்கள் டிசம்பரிலும் இங்கே வந்து குவிகிறார்கள்.

ஆனால், கடலில் இறங்கி என்ன செய்யலாம் என்பதை முடிவு செய்வது வெயில் அல்ல, காற்று. அசோரஸ் தீவுகளை ஒட்டி நிலைகொள்ளும் உயர் காற்றழுத்தத்திலிருந்து வடகிழக்கு வியாபாரக் காற்று கானரியை நோக்கி வீசுகிறது. 1492-இல் கொலம்பஸ் லா கோமெரா தீவிலிருந்து மேற்கே பாய் விரித்ததும் இந்தக் காற்றை நம்பித்தான். தெனெரிஃபே தீவின் தேய்தே எரிமலை 3,715 மீட்டர் உயரம். அதுபோன்ற மலைகள் மேகங்களை வடக்குப் பக்கமே தடுத்து நிறுத்திவிடும். அதனால் வடக்குச் சரிவு பசுமையாகவும் தெற்குக் கரை வறண்டும் கிடக்கின்றன. விடுதிகள் பெரும்பாலும் தெற்கே இருப்பதன் காரணம் இதுதான். தீவுகளுக்கு இடையிலும் மலைகளின் ஓரங்களிலும் நெருக்கப்படும்போது காற்று இன்னும் வேகம் பிடிக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அதன் உச்சம்.

இந்த வேகத்தை விளையாட்டாக்கிய கரைகளில் முதலில் சொல்ல வேண்டியது ஃபுவெர்த்தெவெந்துராவின் சொத்தவெந்தோ. தீவின் தெற்கே நிலம் ஒடுங்கித் தாழும் இடத்தில் காற்று குறுக்கே புகுந்து, இறங்கி, கடலைத் தொடும்போது சீறுகிறது. கரையை ஒட்டி ஒரு நீண்ட மணல் திட்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் பொங்கும்போது, திட்டுக்கு உட்புறம் முழங்காலளவோ இடுப்பளவோ ஆழமுள்ள உப்பங்கழி நிரம்பிவிடும். பாய் கட்டிய பலகையில் ஓடும் விண்ட்சர்ஃபிங்கையும், பட்டம் இழுத்துச் செல்லும் கைட்சர்ஃபிங்கையும் புதிதாகக் கற்பவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைப்பது அரிது. விழுந்தால் எழுந்து நிற்கலாம். திட்டுக்கு வெளியே கதை வேறு. காற்று கரையிலிருந்து சாய்வாகக் கடலை நோக்கி வீசுவதால், பாயைப் பிடிக்க முடியாமல் போனவர் கரைக்குத் திரும்ப மாட்டார். அட்லாண்டிக்கை நோக்கித்தான் அடித்துச் செல்லப்படுவார். மீட்புப் படகு இல்லாத நேரத்தில் இங்கே தனியே பாய் விரிப்பது அறிவீனம். ஆனால், அதே காற்றால்தான் கரையோரம் அலை எழும்பாமல் நீர் தட்டையாகக் கிடக்கிறது. தட்டையான நீரில் வேகம் கூடும். 1986-இல் பிரான்ஸைச் சேர்ந்த பாஸ்கல் மக்கா இங்கே 38.86 நாட் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 72 கிலோமீட்டரில் பலகையை ஓட்டினார். பாயால் இயங்கும் எல்லாக் கலங்களிலும் அதுவே அன்றைய உலகச் சாதனை.

பக்கத்துத் தீவான கிரான் கனாரியாவின் போஸோ இஸ்கியெர்தோ கற்பவர்களுக்கானது அல்ல. கூழாங்கற் கரை, முரட்டு அலை, அதைவிட முரட்டுக் காற்று. பலமுறை உலகப் பட்டம் வென்ற இரட்டைச் சகோதரிகளான தாய்தா, இபாய்யா மொரேனோ கைதேர்ந்தது இந்தக் கரையில்தான்.

குளிர்காலத்தில் காட்சி மாறும். வியாபாரக் காற்று தளர, வட அட்லாண்டிக் புயல்கள் எழுப்பும் நெடிய அலைகள் தீவுகளின் வடக்குக் கரைகளை வந்து அறைகின்றன. அலைச்சறுக்குக்காரர்களின் பருவம் அது. லான்சரோத்தேயின் ஃபமாராவில் மணல் தரை என்பதால் புதியவர்களும் பழகலாம். அதே தீவின் லா சாந்தாவில் அலை உடைவது ஆழமில்லாத எரிமலைப் பாறைமீது. தவறி விழுந்தால் உடம்பு கிழியும். கரையில் சிவப்புக் கொடி பறந்தால் நீச்சல் தெரிந்தவரும் இறங்கக் கூடாது. பாறைகளுக்கு நடுவே அமைந்த இயற்கைக் குளங்களும் பார்ப்பதற்குத்தான் சாதுவானவை. திடீரென எழும் ஓர் அலை குளிப்பவரைக் கடலுக்குள் இழுத்துவிடும்.

காற்று எட்டாத கடல் வேண்டுமென்றால் தென்மேற்கு மூலையில் இருக்கும் எல் இயெர்ரோவுக்குப் போக வேண்டும். மலை மறைப்பில் நீர் அசையாமல் தெளிந்து கிடப்பதால் முக்குளிப்போர் இங்கே வருகிறார்கள். 1996-இல் இந்த நீர்ப்பரப்பு கடல்வளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2011 அக்டோபரில் லா ரெஸ்திங்கா கிராமத்துக்கு எதிரே கடலுக்கடியில் எரிமலை வெடித்து, நீர் நிறம் மாறி, மீன்கள் செத்து மிதந்தன. முக்குளிப்பும் மீன்பிடிப்பும் நின்றுபோயின. சில ஆண்டுகளிலேயே மீன்கள் திரும்பின. எரிமலை கொண்டுவந்த சத்துகளும், அருகில் காப்பாற்றி வைத்திருந்த நீர்ப்பரப்பும் அதற்கு உதவின. மற்ற தீவுகளும் கவனிக்க வேண்டிய பாடம் இது.

கடல் தாங்கினாலும் நிலம் தாங்குமா என்பது இப்போதைய கேள்வி. ஏறத்தாழ 22 லட்சம் பேர் வாழும் தீவுகளுக்கு 2023-இல் 1 கோடியே 60 லட்சத்துக்கும் அதிகமான பயணிகள் வந்தார்கள். மழை அற்பமான லான்சரோத்தே 1964-லிருந்தே கடல்நீரைக் குடிநீராக்கித்தான் பிழைக்கிறது. அந்தத் தீவில் மட்டும் ஓவியரும் கட்டடக் கலைஞருமான செசார் மன்ரீக்கே (1919–1992) அடுக்குமாடிகளையும் விளம்பரப் பலகைகளையும் பெருமளவு தடுத்து நிறுத்தினார். மற்ற தீவுகளுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. வீட்டு வாடகை ஏற, குடிநீர் சுருங்க, 2024 ஏப்ரல் 20 அன்று தீவுகளெங்கும் ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். பயணிகளே வேண்டாம் என்பதல்ல, எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. தெனெரிஃபேயில் இரண்டு விடுதிக் கட்டுமானங்களை உடனே நிறுத்தும்படியும் கேட்டார்கள். அவற்றில் ஒன்று, விண்ட்சர்ஃபிங்குக்குப் பெயர்போன எல் மெதானோவை அடுத்த லா தெஹித்தா கடற்கரையில் பாதி எழும்பி நின்றது.