தாய்மீது பழி வேண்டாம்

வன்னியிலிருந்து பூனாகலைக்குத் திரும்பி வந்த ஒரு சகோதரியின் குழந்தை, பிறந்த சில மணி நேரத்தில் மூச்சுத்திணறி இறந்தது. "வயித்துப் புள்ளையோட கூடை சுமந்தா இப்படித்தான்" என்றது லயம். அவரும் அதை நம்பிவிட்டார்.

உண்மை வேறு. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகடு முதல் மூன்று மாதங்களுக்குள் மூடவேண்டும். ஏறத்தாழ 3000 சிசுக்களில் ஒன்றுக்கு அதில் துவாரம் எஞ்சுகிறது. குடல் நெஞ்சுக்குள் ஏறி, சுவாசப்பையை வளரவிடாது தடுக்கிறது. கூடையோ கிரகணமோ காரணமல்ல.

பெல்ஜியத்தின் லூவன் நகர வைத்தியர் ஜான் டெப்ரெஸ்ட் முதலானோர் இதற்குக் கருப்பைக்குள்ளேயே சிகிச்சை செய்கின்றனர். 27 முதல் 29 வாரங்களில் சிசுவின் மூச்சுக்குழாயில் சிறு பலூனை வைக்கிறார்கள். சுவாசப்பையில் ஊறும் நீர் வெளியேற முடியாமல் தேங்கி அதை விரிக்கிறது. 34ஆவது வாரத்தில் பலூனை எடுத்துவிடுவார்கள். 2021இல் வெளியான ஆய்வில், கடும் பாதிப்புள்ள 40 சிசுக்களில் 16 பிழைத்தன; இச்சிகிச்சை பெறாத 40இல் 6 மட்டுமே. பனிக்குடம் முன்கூட்டியே உடையும் ஆபத்தும் உண்டு.

அவ்வளவு தூரம் நம்மால் போகமுடியாது. ஐந்தாம் மாத ஸ்கேனுக்குப் போகலாம். குறை தெரிந்தால், சிசு சத்திரசிகிச்சை வசதியுள்ள வைத்தியசாலையில் பிரசவத்துக்கு ஒழுங்கு செய்யலாம். ஒரு நாள் பேர் போய்விடுமே என்றுதான் பலர் தயங்குகிறார்கள்.

அச்சகோதரிக்கு இப்போது மீண்டும் ஐந்து மாதம். கடந்த வியாழன் பண்டாரவளை பஸ்ஸில் நானும் கூடப் போனேன்.