போடி மலையின் ஜாதகம்

போடிநாயக்கனூரிலிருந்து ஏலமலை ஏறும் நேயர்கள், வழியிலுள்ள கரும்பச்சைப் பாறைகளை வெறும் கல்லென்று எண்ணிவிடலாகாது. அவை பாதாளத்தின் தூதர்கள்!

மனிதன் இதுவரை பூமியில் துளைத்த ஆழம் சுமார் 12 கிலோமீட்டரே. அதற்குக் கீழுள்ள செய்தியைச் சில இடங்களில் எரிமலைக் குழம்பு, கற்களைப் பிய்த்து வந்து தெரிவிக்கிறது. ஆந்திரத்து வஜ்ரகரூரில் அவ்வாறு வந்த கற்களை விஞ்ஞானிகள் ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஏலமலைக்கு அந்த எரிமலைத் தபால் வரவில்லை. ஆழமே மேலே வந்துவிட்டது! சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், ஏறக்குறைய 25 கிலோமீட்டர் ஆழத்தில் கடும் உஷ்ணத்தில் வெந்த பாறை இது. மேலே கிடந்த பாரத்தை மழையும் காற்றும் யுகயுகமாகக் கரைக்க, அடிப்பாகம் வெளிப்பட்டது. எந்த அழுத்தத்தில், எந்த வெப்பத்தில் அதன் தாதுக்கள் பிறந்தன என்று கணித்தே ஆழத்தை அறிகிறார்கள்.

இக்கல்லின் பெயர் சார்னோகைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் சமாதியிலும் இதே இனத்துக் கல் இருந்ததால், 1893-ல் ஹாலந்து என்பவர் அப்பெயரிட்டார். பெயர் அன்னியருடையது, கல்லோ நம்முடையது.

இதன் உறுதியைக் கருதியே பொட்டிப்புரம் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்கத் திட்டமிட்டார்கள். மலைக்கும் நீருக்கும் கேடு வருமென்று ஊரார் எதிர்த்தார்கள். எவ்வகையிலும் ஒன்று நிச்சயம்: கல்லை உடைக்குமுன் அதைப் படிக்க நாம் கற்க வேண்டாமா?