உங்களுக்குத் தெரியுமா?

சாயம் ஒரு துளிகூடச் சேர்க்காமல் பிளாஸ்டிக் கரைசலின் நிறத்தை மாற்றலாம்! பி3எச்டி என்னும் குறைக்கடத்திப் பாலிமர் குளோரோஃபார்மில் கரைந்தால் ஆரஞ்சு. அதில் போதிய மெத்தனால் ஊற்றினால் ஊதா. சிங்கப்பூர்த் தேக்கா கடைகளில் மயில்கழுத்துப் பட்டின் நிறம் மாறுவதைக் காண, அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும். இங்கே கரைப்பான் மாறினாலே போதும்.

• குளோரோஃபார்மில் பாலிமர்ச் சங்கிலிகள் தனித்தனியே நெளிந்து கிடக்கும். மெத்தனால் அவற்றுக்கு ஆகாது. உடனே நிமிர்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும். உறிஞ்சும் ஒளி மாறுவதால் நிறமும் மாறுகிறது.

• சூடான சைலீனில் கரைத்து ஆறவிட்டால் தானாகவே நுண்ணிழைகள் உருவாகும். அகலம் சுமார் 15 நானோமீட்டர்தான்.

• அடுக்கு ஒழுங்கானால் மின்சாரம் எளிதாக ஓடும். வளையும் மின்னணுக் கருவிகளுக்கு அது தேவை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் 1997இல் தொடங்கிய ஐஎம்ஆர்இ என்னும் பொருளறிவியல் ஆய்வுக் கழகமும் இத்துறையில் ஆய்வு செய்கின்றன.