பழைய காசு வாங்க வருபவர் உங்களிடமே பணம் கேட்டால்…

திருத்தணியில் பிறந்து குடியரசுத் தலைவரான டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணனின் 125-வது பிறந்த ஆண்டையொட்டி, 2015 செப்டம்பரில் மத்திய அரசு இரண்டு நாணயங்களை வெளியிட்டது. ஒன்று 10 ரூபாய், மற்றொன்று 125 ரூபாய். 125 ரூபாய் நாணயம் 35 கிராம் எடை, அதில் பாதி வெள்ளி. கடையில் கொடுத்துச் சாமான் வாங்குவதற்காக அது அடிக்கப்படவில்லை. சேகரிப்பவர்களுக்காக அரசு நாணயச்சாலை விற்ற காசு அது. அதன் மதிப்பு ‘125’ என்ற விநோதமான எண்ணில் இல்லை. எத்தனை அடித்தார்கள், எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதைப் பொறுத்தே விலை அமையும். இது தெரியாதவர்களைத்தான் பழைய காசு மோசடிக்காரர்கள் குறிவைக்கிறார்கள்.

ஓர் எழுத்தில் இருக்கும் விலை

அமெரிக்காவிலும் 2 சென்ட், 3 சென்ட், 20 சென்ட், 3 டாலர் என இப்போது வழக்கொழிந்த காசுகள் ஒருகாலத்தில் புழங்கின. 20 சென்ட் காசை மக்கள் 25 சென்ட் என்று நினைத்துக் குழம்பியதால் 1875-ல் வந்தது 1878-ல் நின்றுபோனது. 1875-ல் சான் பிரான்சிஸ்கோவில் மட்டும் 11 லட்சத்துக்கு மேல் அடித்தார்கள். அவற்றில் கழுகு உருவத்துக்குக் கீழே, நாணயச்சாலையைக் குறிக்கும் ‘எஸ்’ என்ற எழுத்து இருக்கும். 1876-ல் கார்சன் சிட்டியில் அடித்தவை 10,000. அவற்றில் பெரும்பாலானவை உருக்கப்பட்டு, இன்று சுமார் இருபதே மிஞ்சியுள்ளன. அவற்றில் ‘சிசி’ என்றிருக்கும். விலை ஏணி வைத்தாலும் எட்டாது. சாதாரணக் காசில் எழுத்தை ஒட்டி அரிய காசாக விற்பவர்கள் இருப்பதற்கு இதுவே காரணம். அமெரிக்காவில் 1873 முதல் வந்த ‘டிரேடு டாலர்’ வெள்ளிக் காசு 27.22 கிராம் இருக்க வேண்டும். அதன் போலிகள் ஏராளம். எடை வெகுவாகக் குறைந்தாலோ காந்தத்தில் ஒட்டினாலோ அதை நம்பாதீர்கள்.

நம் பக்கத்தில் நடக்கும் ஏமாற்று

முதலாவது, செல்போனில் வருவது. “பழைய 20 காசு இருக்கிறதா? லட்சக்கணக்கில் தருகிறோம்” என்பார்கள். பிறகு பதிவுக் கட்டணம், வரி, கமிஷன் என்று ஒவ்வொன்றாகக் கறப்பார்கள். தன் பெயரையும் சின்னத்தையும் காட்டி இப்படி நடப்பதாக ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4 அன்றே எச்சரித்தது. பழைய காசு, நோட்டு வாங்கி விற்கும் வேலையை ரிசர்வ் வங்கி செய்வதில்லை. அதற்கு யாரையும் நியமிக்கவும் இல்லை. 25 காசும் அதற்குக் கீழ் உள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. செல்லாமல் போனதாலேயே ஒரு காசு அரிதாகிவிடாது.

இரண்டாவது, கோயில் ஊர்களில் சாமி உருவத்தோடு விற்கப்படும் ‘1818 கிழக்கிந்தியக் கம்பெனி’ செப்புக் காசு. கம்பெனி அப்படி ஒன்றை அடிக்கவில்லை. அவை பிற்காலத்தில் செய்த வில்லைகள். பக்திக்காக வாங்கினால் தவறில்லை, பழங்காசு என்று நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

மூன்றாவது, ‘ரைஸ் புல்லர்’. அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் கலசம் என்று எதைச் சொன்னாலும் அது மோசடி. சோதனைச் செலவுக்கு முன்பணம் கேட்பதுதான் அவர்கள் நோக்கம்.

சட்டம் சொல்வது

நூறு ஆண்டு கடந்த காசு, 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். அதை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. நிலத்தைத் தோண்டும்போது காசுப் புதையல் கிடைத்தால், 1878-ம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் சிறைத் தண்டனை உண்டு. முறைப்படி ஒப்படைப்பவரின் உரிமையையும் அதே சட்டம் காக்கிறது.

ஏமாந்துவிட்டால்

வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க, எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது. வங்கிக்கும் தெரிவித்து, சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள். பரிவர்த்தனை எண், வாட்ஸ்அப் உரையாடல், போன் எண் எதையும் அழிக்க வேண்டாம்.

ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணிப் பக்கத்தில் இருக்கும் நமக்கு ஒரு விஷயம் முக்கியம். ஏமாற்றியவர் எல்லை தாண்டி நகரியில் இருந்தாலும் புத்தூரில் இருந்தாலும் “எங்கள் எல்லை இல்லை” என்று காவல் நிலையம் புகாரைத் தட்டிக்கழிக்க முடியாது. எங்கு நடந்த குற்றத்துக்கும் எந்த நிலையத்திலும் புகார் பதிய, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் வழிசெய்கிறது. ஏமாற்றிப் பணம் பறித்தால் ஏழு ஆண்டுவரை சிறை உண்டு.

கடையிலோ இணையத்திலோ போலிக் காசு வாங்கியிருந்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். இரண்டு ஆண்டுகளுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திருவள்ளூர் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் இல்லை. பில் இருந்தால் வழக்கு வலுக்கும், அதனால் பில் இல்லாமல் எந்தக் காசும் வாங்காதீர்கள்.

காசு சேர்ப்பது வரலாற்றைக் கையில் வைத்துப் படிக்கும் அருமையான பழக்கம். பிள்ளைகளுக்குத் தயங்காமல் பழக்குங்கள். கூடவே இதையும் சொல்லிக்கொடுங்கள்: உண்மையில் காசு வாங்க வருபவர் நமக்குப் பணம் தருவார், நம்மிடம் பணம் கேட்க மாட்டார்.